நூறு பையும் ஒரு ஓவியமும்: ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியத்துக்கு உரிமம் வாங்குவது எப்படி

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சின்னத் தையல் யூனிட். நான்கு மிஷின். பத்தமடையில் கோரைப்பாய் வாங்கி வெட்டிக் கைப்பை தைக்கிறோம். மெல்போர்னில் இருக்கும் அக்கா மகள் ஒருநாள் வாட்ஸப்பில், ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஒருவர் புள்ளிபுள்ளியாக வரைந்த படம் ஒன்றை அனுப்பினாள். "மாமா, இதப் போட்டு நூறு பை தச்சுக் குடுங்க, நான் வித்துத் தாரேன்." ஸ்கிரீன் பிரிண்டிங் தம்பிக்கு அது ரொம்ப லேசான வேலை. "நெட்டுல கெடக்குறதுதான அண்ணாச்சி, எடுத்து ஸ்கிரீன் போட்ருவோம்."

போட்டிருப்பேன். நல்லவேளை, அன்றைக்குக் கரண்ட் இல்லை. அந்த நூறு பைக்கு எட்டு மாதம் ஆனது. தையல் மூன்று வாரம்தான், மிச்சமெல்லாம் கேட்டு வாங்கிய காலம். உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் யாரைக் கேட்பது? ஓவியத்தை விற்ற கடைக்காரரை அல்ல. ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கியவருக்குக்கூட அதை அச்சடிக்கும் உரிமை கிடையாது. அது வரைந்தவருக்கு, ஆஸ்திரேலியச் சட்டப்படி அவர் இறந்தபின் 70 வருஷம் வரை வாரிசுகளுக்கு. பழங்குடி ஓவியர்கள் பலர் தங்கள் ஊர்க் கலை மையம் வழியாகத்தான் பேசுவார்கள். 1972-இல் தொடங்கிய பாப்புன்யா துலா மாதிரி, ஓவியர்களே சொந்தக்காரர்களாக இருக்கிற அமைப்புகளும் உண்டு. பல ஓவியர்களின் உரிமத்தைச் சிட்னியில் இருக்கும் காப்பிரைட் ஏஜென்சி பார்த்துக்கொள்கிறது. மெயிலில் என்ன பொருள், எத்தனை, எங்கே விற்கப் போகிறீர்கள், என்ன விலை என்று நான்கையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் "பை" என்று மட்டும் எழுதினேன். என்ன பை என்று கேட்டுப் பதில் வரவே ஒரு மாதம்.

ஓவியர் சம்மதித்தால் மட்டும் போதாத படங்களும் உண்டு. சில படங்களில் இருக்கும் கதை ஒரு குலத்துக்குச் சொந்தம், பெரியவர்களையும் கேட்க வேண்டும். நான் முதலில் பைக்கு ஜோடியாக ஒரு தரைப்பாயும் போடலாம் என்று கேட்டிருந்தேன். முடியாது என்றார்கள். காரணம் தேடியபோது 1994-ஆம் வருஷத்து வழக்கு ஒன்று கண்ணில் பட்டது. பெர்த் நகரக் கம்பெனி ஒன்று பழங்குடி ஓவியங்களைக் கேட்காமலேயே வியட்நாமில் கம்பளமாக நெய்து இறக்கியது. ஓவியருக்கு ராயல்டி கொடுத்ததாகக் கம்பளத்தில் சீட்டு வேறு. புனிதமான உருவத்தை ஜனங்கள் மிதித்து நடப்பதா என்பதும் வழக்கில் பேசப்பட்டது. 1,88,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு, விற்காத கம்பளங்களையும் ஒப்படைக்க உத்தரவு. பாய் ஊர்ப் பக்கத்துக்காரனுக்கு இது புரியாமல் போகுமா? சாமி படத்தை நாம் பாயில் நெய்து விரிப்போமா?

ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மெல்போர்னில் விற்க வேண்டியவனுக்கு அது உதவுமா? ராயல்டி எந்த விலையில் என்பதையும் எழுதுங்கள்: நாம் அனுப்பும் விலையா, கடையில் விற்கும் விலையா. இரண்டுக்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசம் வரும். வடிவமைப்பை இங்கே பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50-க்கு மேல் அடிப்பதைப் பற்றியும் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, ஓவியரின் உரிமைக்கே ஆபத்து வரலாம். இதை மட்டும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இனி என் தவறு. கோரையில் நேரே அச்சடித்தால் புள்ளி வரிவரியாக உடையும். அதனால் பையின் உடம்பு கோரை, மூடி மட்டும் கான்வாஸ் என்று வைத்தோம். சாம்பிள் போட்டோ அனுப்பியதும் திருப்பிவிட்டார்கள். படத்தை வெட்டக் கூடாது, தலைகீழாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நானோ படத்தின் நடுவில் இருந்த அடுக்கு வட்டத்தில், சரியாக மையத்தில், காந்தப் பொத்தானைக் குத்தி வைத்திருந்தேன். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அந்த ஓவியத்தில் அது ஒரு நீர்நிலை. நம் ஊர்ச் சுனையில் ஆணி அடித்த மாதிரி. பொத்தானை உள்பக்கத் துணிக்கு மாற்றி, தையலுக்கு முக்கால் அங்குலம் வெள்ளை ஓரம் விட்டு, பேப்பரில் மறுபடி வெட்டினோம். அதற்குப் பிறகுதான் சம்மதம் வந்தது. ஆகவே சாம்பிள் ஒப்புதலுக்கு முன் மொத்தத் துணியையும் வெட்டாதீர்கள்.

பையோடு வைக்கும் சீட்டில் ஓவியர் பெயர், அவர் எந்தப் பழங்குடி மக்களைச் சேர்ந்தவர் என்பது, படத்தின் தலைப்பு, அவர்கள் தந்த வாசகம். நாமாகக் கதை கட்டக் கூடாது. காலமான ஓவியர் என்றால் பெயர் போடவும் குடும்பத்தைக் கேட்க வேண்டும். எங்கே செய்தது என்பதையும் மறைக்காதீர்கள். இந்தோனேசியாவில் செய்த பொருளை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கையால் செய்தது போல விற்ற ஒரு வியாபாரிக்கு 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். எங்கள் சீட்டில் "அச்சும் தையலும் திருநெல்வேலி" என்றே இருக்கிறது.

நூறு என்றால் நூறுதான். 1/100, 2/100 என்று உள்பக்கம் எண் போட்டோம். சேதாரத்துக்காக ஏழு மூடி கூடுதலாக அடித்திருந்தோம். வேலை முடிந்ததும் ஸ்கிரீனை அழித்து, மிஞ்சியதை வெட்டி, போட்டோ அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. தம்பிக்கு மனசே வரவில்லை. "அந்தத் துண்டையாவது தாங்க அண்ணாச்சி, வண்டி தொடைக்க ஆகும்." அதற்கும் கிடையாது என்று சொல்லிக் கத்தரிக்கோலை அவன் கையிலேயே கொடுத்தேன்.