கழுத்துக்கு ஒரு கம்பளி வளையம்: 97 கண்ணி, ஒரே பின்னல்

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் மத்தியானம் காற்றாடி இல்லாமல் உட்கார முடியாது, இதில் கம்பளி எதற்கு என்று கேட்பீர்கள். செப்டம்பரில் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்குத்தான். நம்ம தோட்டத்துப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், பிப்ரவரி வாக்கில் நல்ல வெயிலில் இலை கொட்டும். டப்ளினிலும் மான்செஸ்டரிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை கொட்டக் கொட்டக் குளிர் ஏறிக்கொண்டே போகும், கூடவே காற்றும் மழையும். கோட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம், கழுத்தை மறந்துவிடுகிறோம். மஃப்ளரைவிட வளையம் நல்லது என்பது என் கட்சி: தொங்கும் முனை இல்லை, காற்றில் அவிழாது, நூலும் குறைவு. இங்கேயே இருப்பவர்களுக்கும் கேமரன் மலைக்கு ஒன்று, கோலாலம்பூர் பஸ்ஸின் ஏர்கோனுக்கு ஒன்று என்று கட்டாயம் உதவும்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் செலவு செய்யுங்கள். டவுனில் தையல் சாமான் கடையில் சுலபமாகக் கிடைப்பது அக்ரிலிக் என்ற செயற்கை நூலும் மில்க் காட்டன் என்ற பருத்திக் கலப்பு நூலும்தான். பருத்தி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும், குளிருக்கு உதவாது. கம்பளி லேசாக நனைந்தாலும் சூடு தரும், அதிலும் மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி கழுத்தில் குத்தாது. கம்பளி ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் மட்டும் நல்ல அக்ரிலிக் எடுங்கள். லேபிளில் 100 கிராமுக்கு 200 மீட்டர் அளவில் போட்டிருக்கும் வோர்ஸ்டட் (நடுத்தரத் தடிமன்) நூல், ஒரே ஒரு உருண்டை போதும். வெளிர் நிறமாக, ஒரே நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் பல நிறம் கலந்த நூலிலும் பின்னலின் மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு உழைப்பும் வீண்.

ஊசி 5.5 மில்லிமீட்டர், இரண்டு முனையையும் கேபிள் இணைக்கும் வட்ட ஊசி, மொத்த நீளம் 60 சென்டிமீட்டர். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்தால் நூல் உலோக ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது, அதனால் மூங்கில் ஊசி வாங்குங்கள், பக்கத்தில் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரி பின்னிப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 16 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) வந்தால் சரி, 97 கண்ணிக்குச் சுற்றளவு சுமார் 60 சென்டிமீட்டர் ஆகும். 18 வந்தால் 54தான் கிடைக்கும், தலை நுழையச் சிரமப்படும். ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

இப்போது நுனியில் இரண்டு மீட்டர் நூல் விட்டு 97 கண்ணி ஏற்றுங்கள், இறுக்காமல். வட்டமாக இணைக்கும் முன் மேசைமேல் வைத்து, கண்ணிகளின் அடி விளிம்பு முழுக்க உள்பக்கம் பார்க்கிறதா என்று ஒரு சுற்று விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தால் முதல் சுற்று முடிவதற்குள் திருத்திக்கொள்ளலாம், அப்புறம் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொடக்கத்தில் வேறு நிற நூலில் ஒரு சிறு வளையம் மாட்டிவிடுங்கள்.

பின்னல் என்னவென்றால் ஒரு நிட் (முன்பக்கம் 'வி' போலத் தெரியும் நேர்க் கண்ணி), ஒரு பர்ல் (முன்பக்கம் குமிழாகத் தெரியும் எதிர்க் கண்ணி), ஒரு நிட், ஒரு பர்ல், கடைசிவரை அவ்வளவுதான். 97 ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்று நிட்டில் முடியும், இரண்டாவது சுற்று தானாகவே பர்லில் தொடங்கும், நிட்டின் தலையில் பர்ல் வந்து உட்காரும். அடையாள வளையத்தைத் தாண்டும்போது யோசிக்கவே வேண்டாம், மாறி மாறிப் போய்க்கொண்டே இருங்கள். இரட்டைப்படை எண் எடுத்தால் நிட்டின் மேல் நிட்டே வந்து செங்குத்துக் கோடுகளாகிவிடும், அது வேறு பின்னல்.

முக்கியமான இடம் இதுதான்: நிட்டுக்கு நூல் ஊசிக்குப் பின்னால், பர்லுக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் நூலை இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவில் கொண்டுவர வேண்டும், ஊசியின் மேலாக இல்லை. மேலாக வந்தால் ஒரு கண்ணி கூடுதலாக முளைத்து, அந்த இடத்தில் ஓட்டையும் விழும், எண்ணிக்கை இரட்டைப்படையாகி மொத்த வரிசையும் குழம்பும். எண்ணிக்கொண்டே இருப்பதைவிட, பின்னியதைப் படிக்கப் பழகுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணிக்குக் கீழே 'வி' வடிவம் தெரிந்தால் அது நிட், அதன்மேல் பர்ல் போடுங்கள். குறுக்கே சின்னக் குமிழ் தெரிந்தால் அது பர்ல், அதன்மேல் நிட். நாலைந்து சுற்று போனதும் மிளகு தூவியது போல மேடுகள் எழும்பும், எங்காவது இரண்டு மேடு ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் அங்கேதான் தவறு, ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கி எடுத்துச் சரிசெய்யுங்கள். இந்தப் பின்னல் விளிம்பில் சுருளாது என்பதால் தனியாகக் கரை போட வேண்டாம்.

உயரம் 24 சென்டிமீட்டர் வந்ததும் முடிக்கலாம். நிட், பர்ல் வரிசையிலேயே பின்னிக் கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கி மூடுங்கள், கையைத் தளர்வாக வைத்து, அல்லது ஒரு அளவு பெரிய ஊசியால். இறுக்கினால் மேல் விளிம்பு தலையில் ஏறாது. நூல் முனைகளை மழுங்கிய ஊசியால் உள்பக்கம் ஒரு திசையில் கொஞ்சம், எதிர்த் திசையில் கொஞ்சம் என்று கோத்து விடுங்கள்.

அப்புறம் ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, காற்றாடிக்கு அடியில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அரை ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பிள்ளையிடம் கொடுக்கும்போது கையால் துவைக்கச் சொல்லிக் கொடுங்கள். விடுதி வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு சுடுதண்ணீரில் போட்டால் கம்பளி சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், திரும்ப விரியாது.