உலர் பழச் சரக்கு கைப்பற்றப்படும்போது வணிகர் செய்ய வேண்டியவை

இந்தியாவில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவு, விதிமீறல் இருப்பதாகத் தோன்றும் உணவுப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அளிக்கிறது. உலர் திராட்சையை ஒட்டவைக்கும் புழுக்களின் நூலாம்படையும், அத்திப்பழத்தைப் பிளந்தால் உள்ளே தெரியும் பூஞ்சணப் பொடியும் கண்ணுக்கே புலப்படும். ஆனால், பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சை ஆய்வகச் சோதனைதான் உறுதிசெய்யும். ஆகவே குடோனில் நின்று வாதாடுவதில் பயனில்லை. மாதிரி எடுக்கப்படும் முறையைக் கவனிப்பதே முக்கியம்.

47ஆவது பிரிவின்படி மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு நியமன அலுவலருக்கும் (அப்பகுதியின் உணவுப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் பொறுப்பான அதிகாரி) செல்லும். நான்காவது பகுதி, வணிகர் கேட்டால் மட்டுமே, அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தக் கோரிக்கையை மாதிரி எடுக்கும்போதே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். இரு ஆய்வகங்களின் முடிவுகளும் முரண்பட்டால், நியமன அலுவலரிடம் உள்ள பகுதி மேல்நிலை ஆய்வகத்துக்குச் செல்லும்; அதன் முடிவே இறுதியானது. மாதிரிக்குரிய விலையைப் பெறுவதும் உங்கள் உரிமை.

கைப்பற்றல் ஆவணத்தில் தொகுப்பு எண், எடை, பெட்டிகளின் எண்ணிக்கை, சாட்சியின் கையொப்பம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கொள்முதல் பில்லின் நகலையும் உடனே கொடுப்பது நல்லது, ஏனெனில் சரக்கை அனுப்பியவர் யார் என்பதை அதுவே காட்டும்.

சரக்கு பெரும்பாலும் பிணைமுறியின் (பாதுகாப்பாக வைத்திருப்பதாக எழுதித் தரும் உறுதிப்பத்திரம்) பேரில் உங்கள் கிடங்கிலேயே வைக்கப்படும். கெட்ட பழங்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று எண்ணி முத்திரையைத் தொட்டுவிடாதீர்கள்; 60ஆவது பிரிவின்கீழ் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கெட்டுப்போகக்கூடிய சரக்கு உண்ணத் தகாத நிலையை அடைந்துவிட்டதாக உணவுப் பாதுகாப்பு அலுவலர் கருதினால், எழுத்துமூலம் அறிவித்த பிறகு அதை அழிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

பகுப்பாய்வாளரின் அறிக்கை பாதகமாக இருந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அறிக்கை கைக்கு வந்த தேதியைக் காட்டும் உறையையும் பத்திரப்படுத்துங்கள்.