ஜப்பானில் முதல் சந்திப்பு: குனிந்து வணங்குவது எப்படி?

ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு வாடிக்கையாளரிடம் குனிந்தபடியே என் பெயரைச் சொன்னேன். குரல் தரையோடு போய்விட்டது. அவர் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில், ரயில் நிலைய நடைமேடையிலேயே என் மேலாளர் செய்து காட்டியதை இங்கே எழுதுகிறேன்.

1. நின்றுவிட்டுக் குனியுங்கள், நடந்துகொண்டே வேண்டாம். ஆண்கள் கைகளைத் தொடையோடு ஒட்டி வைப்பார்கள், பெண்கள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். நமக்குக் கை தானாகக் கூப்பும். அங்கே கைகூப்புவது புத்தர் கோயிலிலும் கல்லறையிலும் சாப்பாட்டுக்கு முன்னாலும்தான்.

2. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் 15 டிகிரி, அது 'எஷாகு'. வாடிக்கையாளருக்கு 30, 'கெய்ரெய்'. மன்னிப்புக்கும் ஆழ்ந்த நன்றிக்கும் 45, 'சாய்கெய்ரெய்'. இடுப்பு மட்டும் மடங்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது.

3. நான் தவறியது இங்கேதான். இதை 'கோசென் கோரெய்' என்கிறார்கள்: சொல் முன்னே, வணக்கம் பின்னே. முகத்தைப் பார்த்து "ஹாஜிமேமாஷிதே" என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, "யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்" என்று முடியுங்கள். வாயை மூடுங்கள். அதன் பிறகே குனியுங்கள். கீழே ஒரு நொடி நின்று, குனிந்ததைவிட மெதுவாக நிமிர்ந்து, மீண்டும் முகத்தைப் பாருங்கள். பேச்சில்லாத அந்த ஒரு நொடியில்தான் மரியாதை முழுவதும் இருக்கிறது என்பேன்.

பழகக் கண்ணாடி உதவாது. அதைப் பார்க்கக் கழுத்து நிமிர்ந்துவிடும். கைப்பேசியைப் பக்கவாட்டில் அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள்.

4. 'மெய்ஷி' எனும் பெயரட்டையை, எழுத்து அவர் பக்கம் பார்க்க, இரு கைகளாலும் கொடுங்கள். அவருடையதை வாங்கிப் படித்துவிட்டு, உட்கார்ந்ததும் உங்கள் அட்டை உறையின் மேல் வைத்து மேசையில் வையுங்கள். பேச்சு முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். உறை தோலில் இருப்பதே நல்லது. உலோகப் பெட்டியில் அட்டை வழுக்குகிறது.

பின்சேர்க்கை: "அவரே கை நீட்டினால்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கை குலுக்குங்கள், ஆனால் அதே நேரத்தில் குனியாதீர்கள். அந்த நெருக்கத்தில் தலைகள் மோதிக்கொள்ளும்.

இன்னொருவர் விடைபெறுவதைப் பற்றிக் கேட்டார். வழியனுப்புகிறவர் லிஃப்ட் கதவு மூடும்வரை குனிந்தே நிற்பார். பொத்தானை அழுத்தியதும் நீங்களும் அவர் பக்கம் திரும்பிக் குனியுங்கள். கதவு முழுவதும் மூடிய பிறகு நிமிரலாம்.