குளிர்நாட்டில் குளிக்கும் முறை

சென்னையின் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடலிலேயே தங்கிவிடுகிறது; அங்கு நாளுக்கு இருமுறை குளிப்பது தேவையிலிருந்து பிறந்த பழக்கம். அதே பழக்கத்தை டொராண்டோவின் ஜனவரி மாதத்துக்கு அப்படியே எடுத்துச் செல்வோருக்குச் சில வாரங்களிலேயே கெண்டைக்காலில் தோல் வெளுத்து, வெடித்து, அரிக்கத் தொடங்கலாம். உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு) வெகுவாகச் சரிந்து, தோலின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது.

ஆகவே குளிர்காலத்தில் நாளுக்கு ஒருமுறையோ, வியர்க்காத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாளோ குளித்தால் போதும். (ஊரில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.) கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது சுகம்தான், எனினும் அது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளித்து முடிக்கவும். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயும் முன்பே வாசனையற்ற கிரீமையோ வாசலினையோ பூசவும். குளிக்காத நாளிலும் முகம், அக்குள், பாதம் ஆகியவற்றைக் கழுவி, உள்ளாடையை மாற்றுவது கட்டாயம்.