ஊர் வயலில் பிளாட் போடுகிறார்களா? ஆட்சேபம் இப்படிக் கொடுங்கள்

வயலில் கலர் கொடி பறக்கிறது, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லும் ஊன்றியாச்சா? சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் சர்வே எண்ணைப் பிடியுங்கள். தமிழக அரசின் நிலப்பதிவு தளத்தில் அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். அந்த இடத்துக்கு நடுவே ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை புறம்போக்கு என்று ஒரு வரி இருந்தாலும் அதுதான் உங்கள் துருப்பு, ‘ஊர் அழகு கெடும்’ என்பதெல்லாம் பெரிதாக எடுபடாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை (DTCP) அனுமதி உண்டா என்று 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் கிராம சபையில் இதை எதிர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் நோட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து, வெறும் பக்கத்தை நீட்டினால் போடாதீர்கள். அதன் நகலோடு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, ரசீது வாங்காமல் நகராதீர்கள்.