கணினி திடீரென ஹேங் ஆகும்போது செய்யக்கூடாதவை

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடுகிறது, மௌஸ் அசைவதில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஓசையில் இழுபடுகிறது. சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று நாம் சொல்லும் இந்தப் பழுது, கணினிப் பழுதுகளில் மிகவும் அலைக்கழிக்கக்கூடியது. ஏனெனில் அது நாம் பார்க்க விரும்பும் நேரத்தில் வருவதில்லை. கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாலோ நாள் முழுவதும் ஒழுங்காக ஓடிக் காட்டுகிறது. இதனால் ஏற்படும் பொறுமையின்மையே பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

எடுத்த எடுப்பில் ஃபார்மட் செய்வதுதான் அவற்றில் முதன்மையானது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மென்பொருள் கோளாறாக இருந்தால் அது பலிக்கக்கூடும். ஆனால் ரேம், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருந்தால் ஃபார்மட்டால் எந்தப் பயனும் இல்லை. போதாக்குறைக்கு, பழுதின் தடயங்களாக விண்டோஸ் எழுதிவைத்திருந்த பதிவுகள் அனைத்தும் அழிந்துபோகின்றன. என் வீட்டுக் கணினி இரண்டு முறை ஃபார்மட் செய்யப்பட்டு, மாதக்கணக்கில் அதே தொல்லையைக் கொடுத்த பிறகு, இரவு முழுவதும் ஓடவிட்ட ரேம் சோதனையில் நான்காவது மணி நேரத்தில்தான் பிழை காட்டியது. அந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருக்கலாம் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா உறைதலும் ஒன்றே என்று எண்ணுவதும் தவறு. திரை நின்றவுடன் விசைப்பலகையில் நம்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு அணைந்து எரிந்தால் கணினி முழுவதுமாகச் செயலிழக்கவில்லை என்று பொருள். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் துவங்கும். திரை ஒரு நொடி கறுத்துவிட்டு உயிர்பெற்றால் சந்தேகம் அந்த டிரைவரின் மீதோ கிராஃபிக்ஸ் கார்டின் மீதோ திரும்ப வேண்டும். மௌஸ் நகர்கிறது, ஆனால் எந்தச் சாளரமும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க்கை முதலில் பாருங்கள். நம்லாக் விளக்குகூட மாறாமல், ஒலியும் ஒரே இடத்தில் சுழன்றால், ரேம், மின்சாரம், மதர்போர்டு என்ற வரிசையில் தேடுவது என் வழக்கம். இந்தச் சிறு சோதனைகளைச் செய்யாமல், நின்ற மறுநொடியே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால், குறிப்புகள் கைநழுவிப் போவதோடு, எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகளும் கெடக்கூடும். இரண்டு நிமிடமாவது காத்திருப்பது நல்லது.

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் பலர், கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டவுடன் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணி எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடி துவங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. உறைந்த கணினியை நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் டிஸ்க் பற்றியோ டிரைவர் பற்றியோ எச்சரிக்கை இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

ரேம் சோதனையில் அவசரம் உதவாது. விண்டோஸுடன் வரும் சோதனையை ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பிழையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெம்டெஸ்ட்86 போன்ற கருவியை யூ.எஸ்.பி.யிலிருந்து துவக்கி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே பொருத்திச் சோதியுங்கள். அதற்கு முன், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே துவங்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்.எம்.பி. என்ற தெரிவு இயக்கப்பட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். அது ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவது என்பதால், ரேம் நன்றாக இருந்தும் அந்த வேகம் தாளாமல் கணினி உறையலாம்.

டிஸ்க் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தரவை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்காமல் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியின் முழுச் சோதனையை ஓட்டுகிறார்கள். பழுதாகிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும் அந்தச் சோதனையின் சுமையே அதன் கடைசி மூச்சாகிவிடலாம். பிள்ளைகளின் புகைப்படங்கள் திரும்ப வராது. முதலில் நகல், பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில், டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரம். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரேயுள்ள மூல மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றச் சிறு தொகையே ஆகும்.

சூட்டின் மீதே எல்லாப் பழியையும் போடுவதும் உண்டு. இன்றைய பிராசஸர்கள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும். எனவே சூட்டின் அடையாளம் பெரும்பாலும் மந்தமும் திடீர் அணைதலுமே. தூசு தட்டுவது அவசியம்தான். ஆனால் வேக்யூம் கிளீனரின் முனையை போர்டின் அருகே கொண்டுபோனால் நிலைமின்சாரம் பாயும் அபாயம் உண்டு. காற்றை ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதன் மேல் ஒட்டியுள்ள வாட் எண்ணைக் கொண்டு நம்பிவிடக் கூடாது. கேபினெட்டுடன் இலவசமாக வருபவை குறித்து எனக்கு நல்லெண்ணம் இல்லை. சரியாக இயங்கும் இன்னொன்றை ஒரு வாரம் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதைத் திறந்து பார்க்க முயலாதீர்கள், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் மட்டும் கணினி நிற்கிறதென்றால், இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். முறை தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; சாதாரண முறையில் மாறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

திரையில் வரும் பிழைச்செய்தியை அப்படியே நம்புவதும் வழிதவறச் செய்யும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் சிப்பே தேய்ந்து நிலைதடுமாறியது. விளையாட்டுகளில் அதுவே கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியாக வெளிப்பட்டதால், பலர் கிராஃபிக்ஸ் கார்டையே சந்தேகித்தார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் புதுப்பிப்பாகத் திருத்தம் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது. அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் இதை முதலில் சரிபார்ப்பது நல்லது.

டிரைவர்களைத் தானே புதுப்பிப்பதாகவும் விண்டோஸின் அமைப்பு விவரங்கள் அடங்கிய ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகவும் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று மகிழ்வது கடைசித் தவறு. எது சரிசெய்தது என்பது தெரியாததால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட நேரிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை உறையும் கணினி ஒரு நாள் உறையாமல் இருந்தது எதையும் நிரூபிக்காது. ஒன்பது, பத்து நாளாவது பார்க்க வேண்டும். உறைந்த தேதி, நேரம், அப்போது செய்த வேலை, அன்று மாற்றியது எது என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அந்தத் தாளையும் கொடுத்து, கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம் என்பதை அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.