திருகோணமலையில் இருந்துகொண்டு ஈ-ரீடர் தெரிவு செய்வது எப்படி

வெளிநாட்டிலிருந்து வரப்போகிற மாமா "உனக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால் "ஒரு கிண்டில்" (அமேசானின் ஈ-ரீடர், அதாவது மின்னூல் வாசிக்கிற கருவி) என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அங்கே அந்தக் கிழமை எது கழிவு விலையில் கிடைக்கிறதோ அதைத்தான் அவர் வாங்கி வருவார். அது உப்புவெளிக்கு வந்து சேர்ந்த பிறகு திரை சின்னது, தமிழ் சரியாக விழவில்லை என்று கண்டுபிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அதற்காக அவரைத் திரும்பப் பெட்டியைக் கட்டச் சொல்லவும் முடியாது. எந்த மொடல், எத்தனை அங்குலம் என்று எழுதியே அனுப்ப வேண்டும். எழுதுவதற்கு முதல் நீங்கள் எப்படி வாசிக்கிற ஆள் என்று நீங்களே கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யூடியூப் விமர்சனங்கள் இந்த விஷயத்தில் அரைவாசிதான் உதவும். அதில் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் கடையில் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வாசிக்கிறவர்கள். எழுத்தின் கூர்மையை ஒப்பிட்டு அரை மணித்தியாலம் கதைப்பார்கள், ஆனால் இப்போது வருகிற நல்ல 6, 7 அங்குலக் கருவிகள் எல்லாமே அங்குலத்துக்கு 300 புள்ளிதான், உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தமிழ் வாசகருக்கு எந்தக் கருவி சரி என்பதை அவர் கையிலிருக்கிற கோப்புகள்தான் தீர்மானிக்கும்.

ஆகவே ஃபோனை எடுத்து டவுன்லோட் கோப்புறையைத் திறங்கள். கடைசி ஆறு மாதத்தில் உண்மையாகவே வாசித்து முடித்தவை எவை என்று பாருங்கள். (வாசிக்கலாம் என்று இறக்கி வைத்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது எல்லாரிடமும் குவிந்து கிடக்கிறது.) முழுக்க முகநூல், செய்தித் தளம், வாட்ஸ்அப்பில் வந்த பேப்பர் துண்டு என்றால் ஈ-ரீடரே வேண்டாம். ஈ-ரீடரில் இருக்கிற, கடதாசி போலத் தெரிகிற ஈ-இங்க் திரை மெதுவானது, விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கிற வேலைக்கு அது செய்யப்படவில்லை, ஒரு கிழமையில் அலுமாரிக்குள் போய்விடும்.

முடித்தவற்றில் அதிகம் நூலகம் தளத்தில் எடுத்த பிடிஎஃப் என்றால் கதை வேறு. 2005 இல் தொடங்கிய அந்தத் தளத்தில் இலங்கையின் பழைய சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், அச்சில் இல்லாமல் போன நூல்கள் எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கின்றன. ஸ்கேன் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம், அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்கு என்று கருவியிடம் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அங்குலத் திரையின் (அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு) அகலம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21. அந்தப் பக்கம் திரைக்குள் அடங்கும்போது 12 பொயின்ற் அளவு எழுத்து 5 பொயின்ற் ஆகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுக் கடதாசியை இருநூறு பக்கத்துக்கு வாசிப்பது போல இருக்கும், முப்பது வயதுக்காரர்கூடக் கண்ணாடி தேடுவார்.

ஸ்கேன் வாசகருக்கு அங்குலம்தான் முதல் கேள்வி. வழமையான நாவல் அளவுப் புத்தகம் 14 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும், ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்து இருக்கிற பகுதி பத்துச் சொச்சம்தான். 7.8 அங்குலத் திரை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் அகலம், அதனால் அச்சில் இருந்த அளவிலேயே வாசிக்கலாம். சஞ்சிகை, மலர், ஏ4 கையேடு என்றால் 10.3 அங்குலத்துக்குப் போக வேண்டும், அதன் அகலம் ஏறக்குறைய 15.7. அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 6 அங்குலக் கிண்டில் 158 கிராம்தான், 2022 இல் வந்த 10.2 அங்குல கிண்டில் ஸ்க்ரைப் 433 கிராம். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே பிடித்து வாசிக்கிற பழக்கம் உள்ளவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது, நித்திரை வந்தால் மூக்கில்தான் விழும்.

பெரிய திரைக்குக் காசு இல்லை என்றால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேன் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படத்துண்டாக வெட்டி, சின்னத் திரைக்கு ஏற்ற மாதிரித் திரும்ப வரியாக அடுக்கித் தரும். பக்கம் சுத்தமாக ஸ்கேன் ஆகியிருந்தால் அதிசயமாக வேலை செய்யும். சரிந்த பக்கம், இரண்டு பத்திப் பக்கம், மை ஊறின பக்கம் என்றால் சொதப்பும். கிண்டிலுக்குப் போட்டியான கோபோ கருவிகளில் இதைப் போடுவது லேசு, கேபிளில் கோப்புகளைப் பிரதி எடுத்தால் போதும். கிண்டிலில் அதன் மென்பொருள் பூட்டை உடைத்துத்தான் போட வேண்டும், எல்லா மொடலிலும் அது நடக்காது.

இனி எழுத்தாகவே இருக்கிற தமிழ்க் கோப்புகளுக்கு வருவோம். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து பிற்கால நூல்கள் வரை கிடக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலையும் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவத்தில் தருவார்கள். ஈபப்பை எடுங்கள், எழுத்தை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரி தானாக மடியும். உங்கள் வாசிப்பு முக்கால்வாசி இப்படி என்றால் 6 அங்குலம் தாராளம், பெரியதுக்குச் செலவழிப்பது வீண்.

ஆனால் தமிழ் சரியாக விழுகிறதா என்று பார்க்காமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். கடைக்காரர் "தமிழ் சப்போர்ட் இருக்கு" என்பார், மெனுவில் தமிழ் என்ற சொல் தெரிந்தாலே அவருக்குச் சப்போர்ட்தான். ஒரு சின்னச் சோதனைக் கோப்பு செய்துகொள்ளுங்கள்: கொக்கு, கோயில், பௌர்ணமி, ஸ்ரீ, லக்ஷ்மி, நெய்தல். இதை ஈபப்பாகவும் பிடிஎஃப்பாகவும் சேமித்து கருவியில் திறந்து பாருங்கள், அல்லது விற்கிறவரிடம் அனுப்பிப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் ஒன்று தனியாக முளைத்தாலோ, ஸ்ரீ இரண்டாகப் பிரிந்தாலோ அந்தக் கருவியின் சொந்த வாசிப்பானில் தமிழ் நாவல் வாசிக்க முடியாது. கேஓரீடர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிண்டிலிலும் கோபோவிலும் எழுத்துருவுக்கென்று ஒரு கோப்புறை உண்டு, விருப்பமான தமிழ் எழுத்துருவைக் கேபிளில் அதற்குள் போடலாம்.

இங்கே இன்னொரு தொல்லை பாமினி என்ற பழைய தட்டச்சு எழுத்துரு. அலுவலகத்தில், ரியூஷன் வகுப்பில், கோயில் சபையில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் இன்னும் பாமினியில்தான் வருகின்றன. அதை அப்படியே ஈ-ரீடருக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக்கள் கண்டபடி வரிசையாக நிற்கும், கருவியில் பிழை இல்லை. யூனிகோடுக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் தாராளமாக இருக்கின்றன, மாற்றி, காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஈபப் ஆக்கி, பிறகு அனுப்புங்கள்.

கம்பனிகளுக்குள் எது? காசு கொடுத்துத் தமிழ்ப் புத்தகம் வாங்குகிற ஆள் என்றால் கிண்டில். 2016 கடைசியில் அமேசான் தமிழ் நூல்களைச் சேர்த்தது, தமிழகத்து எழுத்தாளர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள், இந்தியாவில் இருந்து புத்தகம் வரவழைக்கிற தபால் செலவோடு பார்த்தால் லாபம். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: 2025 பெப்ரவரியில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கேபிளில் மாற்றுகிற வசதியை அமேசான் எடுத்துவிட்டது, ஆகவே அங்கே வாங்கினது பெரும்பாலும் அங்கேயேதான். இலவசக் கோப்பும் ஸ்கேனும் வாசிக்கிறவருக்குக் கோபோ வசதி, ஈபப்பை நேரடியாகத் திறக்கும், கிண்டிலில் அதை அமேசானின் அனுப்புகிற சேவை வழியாகவோ காலிபரிலோ மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஓடுகிற பூக்ஸ் கருவிகள். கிண்டில் செயலியும் போடலாம், தமிழும் ஃபோனில் போலவே விழும், பற்றரி மட்டும் மற்றவற்றைவிடக் கெதியில் இறங்கும். பொது நூலகங்களின் மின்னூலை இரவல் எடுக்கலாம் என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். கிண்டிலில் அது அமெரிக்காவில் மட்டும், கோபோவில் இரவல் சேவையோடு சேர்ந்த நூலகத்தின் அட்டை வேண்டும்.

ஆங்கிலத்தைத் திருத்த வாசிக்கிற ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகளுக்குக் கிண்டில் நல்லது. சொல்லில் விரலை வைத்தால் அகராதிப் பொருள் வரும், கடினமான சொல்லுக்கு மேலே சின்ன விளக்கம் காட்டுகிற வசதியும் பல ஆங்கில நூல்களில் உண்டு.

இனி நம் ஊர் வெயிலும் கடலும். டச்சு வளைகுடாக் கரையில் பின்னேரம் இருந்து வாசிக்க ஈ-இங்க்கை அடிக்க ஒன்றுமில்லை, வெளிச்சம் கூடக் கூட எழுத்து தெளியும். ஆனால் கருவியை வெயிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். கிண்டிலின் இயங்கு வெப்பநிலை 35 பாகை வரைதான், கச்சான் காற்றுக் காலத்து மத்தியானத்தில் நிழலிலேயே அதைத் தொட்டுவிடும். நீர் புகாது என்கிறார்களே என்று உப்புத் தண்ணீரில் விளையாடவும் வேண்டாம். பேப்பர்வைட் என்ற கிண்டில் மொடலுக்கு அமேசான் சொல்கிற கணக்கு நன்னீரில் 2 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம், கடல்நீரில் கால் மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம். கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் குத்துகிற துவாரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். அடிப்படைக் கிண்டிலுக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை, நிலாவெளிக்குக் கொண்டுபோவதென்றால் பொலிதீன் பைக்குள் வைத்தே வாசியுங்கள், தொடுதிரை மெல்லிய பொலிதீனுக்கு மேலாலும் வேலை செய்யும்.

இரவில் வாசிக்கிறவர் மஞ்சள் வெளிச்சம் உள்ளதை எடுங்கள், அடிப்படைக் கிண்டிலில் அது கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவர் லைற்றை நூர் என்று சத்தம் போடமாட்டார், கரண்ட் போன இரவிலும் வாசிப்பு நிற்காது. பற்றரி ஆறு கிழமை நிற்கும் என்பதை அப்படியே நம்பவேண்டாம், அது நாளுக்கு அரை மணித்தியாலம் வாசிக்கிற கணக்கு. மூன்று மணித்தியாலம் வாசிக்கிறவருக்கு ஒரு கிழமை. அதுவும் நல்லதுதான்.

நிறத் திரை? சிறுவர் கதை, காமிக்ஸ் வாசிக்கிறவருக்கு மட்டும். நிறத்தில் கூர்மை 150 புள்ளியாக இறங்கும், வெள்ளைப் பின்னணியும் கொஞ்சம் மங்கும். பக்கம் புரட்டுகிற பொத்தான் இருந்தால் பஸ்ஸில் ஒற்றைக் கையால் வாசிக்கலாம். கொள்ளளவு 16 ஜிபி எவருக்கும் போதும்.

பழையது வாங்குவதென்றால் காசு கொடுக்க முதல் கருவியைக் கையில் எடுத்து, பழைய சொந்தக்காரரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கணக்கை அங்கேயே பதிந்து ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள். களவு போனது என்று அறிவிக்கப்பட்ட கிண்டிலை யாரும் பதிய முடியாது. முழு வெள்ளைப் பக்கம் ஒன்றில் கோடு, புள்ளி இருக்கிறதா, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் மூலையில் கறுப்பு நிழல் விழுகிறதா என்று பாருங்கள், ஈ-இங்க் திரை உடைந்தால் மாற்றுகிற செலவுக்குப் பழையது இன்னொன்றே வாங்கலாம். 2018 பேப்பர்வைட்டுக்குப் பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிள் வேண்டும், 2021 இல் வந்ததிலிருந்து சி கேபிள். விற்கிறவர் கேபிளையும் சேர்த்துத் தருவாரா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.